வாசகர் கேள்வி – பதில்: 'அப்' என்று காட்டுகிறது, வேலை செய்யவில்லையே?

கேள்வி: நெல் கொள்வனவு நிலையம் ஒன்றில் எடையும் பற்றுச்சீட்டும் பதிகிற செயலியை டொக்கர் கொம்போஸில் (பல கொண்டெய்னர்களை ஒன்றாக ஓட்டும் கருவி) ஓட்டுகிறோம். செயலி ஒரு கொண்டெய்னர் (தனியாகப் பிரித்து ஓட்டப்படும் மென்பொருள் பொதி), போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இன்னொன்று. கரண்ட் போய் வந்தால் இரண்டும் 'அப்' என்றுதான் காட்டும். திரையில் 500 பிழை. செயலியைக் கையால் ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. அறுவடை நேரம், வெளியே உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்கும்போது இது பெரிய கரைச்சல். ஹெல்த்செக் போட்டால் தீருமா?
– வாசகர், பரந்தன்

பதில்: பாதி தீரும். ஹெல்த்செக் என்பது உள்ளே இருப்பது உண்மையில் வேலை செய்கிறதா என்று டொக்கர் இடைக்கிடை ஓட்டிப் பார்க்கும் சோதனை. 'அப்' என்றால் கொண்டெய்னரின் முதல் புரொசஸ் இன்னும் சாகவில்லை என்பது மட்டும்தான். கரண்ட் சட்டென்று நின்றபின் எழும்பும் போஸ்ட்கிரெஸ், தன் டபிள்யூ.ஏ.எல். பதிவிலிருந்து (மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவேடு) மாற்றங்களை மீட்டெடுக்கும். அது முடியும்வரை இணைப்பு எதையும் ஏற்காது. உங்கள் செயலி அந்த நேரத்தில் ஒருமுறை முயன்று தோற்றுவிட்டு, இணைப்பில்லாமலே ஓடுகிறது போலும்.

போஸ்ட்கிரெஸின் ஹெல்த்செக்காக, அதனுடனேயே வரும் பிஜி_இஸ்ரெடி (pg_isready) கட்டளையைப் போடுங்கள்; இணைப்பை ஏற்கத் தயாரா என்று அது பார்க்கும். ஹோஸ்டாக 127.0.0.1 என்று கட்டாயம் கொடுங்கள். வெறும் வொல்யூமில் (தரவு சேமிக்கும் இடம்) முதன்முறை எழும்பும்போது போஸ்ட்கிரெஸ் இமேஜ் (கொண்டெய்னரை உருவாக்கும் அச்சு), கொண்டெய்னருக்குள்ளேயே உள்ள சொக்கெட்டில் மட்டும் கேட்கும் தற்காலிக சேர்வர் ஒன்றை ஓட்டும். ஹோஸ்ட் கொடுக்காவிட்டால் அதைப் பார்த்து 'தயார்' என்றுவிடும். பதில் வராதபோது இக்கட்டளை 2 என்ற எண்ணோடு முடியும். டொக்கர் 2ஐத் தனக்கென ஒதுக்கி வைத்திருப்பதால், தோற்றால் 1 என்று முடியும்படி எழுதுங்கள்.

செயலிக்கு ஒரு ஹெல்த் பக்கம் (நலமாக இருந்தால் 'சரி' என்று பதில் தரும் முகவரி) வையுங்கள். அல்பைன் (சிறிய லினக்ஸ்) இமேஜில் கர்ல் (இணைய முகவரியைக் கேட்டுப் பார்க்கும் கட்டளை) இராது; அதை எழுதிவிட்டு 'நல்ல செயலி அன்ஹெல்தி ஆகிறதே' என்று தேடுபவர்கள் பலர். அல்பைனிலேயே உள்ள, அதே வேலை செய்யும் டபிள்யூகெட் போதும். கர்ல்தான் வேண்டுமென்றால் 'எஃப்' (-f) தெரிவைச் சேருங்கள், இல்லாவிட்டால் 500 வந்தாலும் வெற்றி என்றே முடியும். லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் ஐபிவி6 முகவரிக்குப் போய்த் தோற்கலாம்; 127.0.0.1 என்றே எழுதுங்கள்.

ஹெல்த்செக்கின் இயல்பு அளவுகளை அப்படியே விடவேண்டாம். இடைவெளி 30 செக்கன், காத்திருப்பு 30 செக்கன், மீள்முயற்சி 3. செயலி தொங்கிப்போனால் தெரியவே சுமார் 3 நிமிடம். இடைவெளியை 10, காத்திருப்பை 3 ஆக்கினால் 40 செக்கனுக்குள் தெரியும். ஸ்டார்ட் பீரியட் (தொடக்க அவகாசம்) இயல்பில் 0. மெதுவாக எழும்பும் செயலிக்கு 40 செக்கன் கொடுங்கள், அதற்குள் வரும் தோல்விகள் எண்ணப்படமாட்டா. கடைசி 5 சோதனைகளின் விடை டொக்கர் இன்ஸ்பெக்ட் கட்டளையில் தெரியும். சிக்கல் வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

இனி மற்றப் பாதி. 'தரவுத்தளம் ஹெல்தி ஆனபின் செயலியைத் தொடங்கு' என்ற கொம்போஸ் நிபந்தனை, நீங்கள் கொம்போஸ் கட்டளை ஓட்டும்போது மட்டும் வேலை செய்யும். கரண்ட் வந்து கணினி தானாக எழும்பும்போது, ரீஸ்டார்ட் பொலிசிப்படி (எப்போது மறுபடி எழுப்புவது என்ற விதி) டொக்கர் எல்லாவற்றையும் அந்த ஒழுங்கைப் பாராமலே கிளப்பிவிடும். அதோடு, அன்ஹெல்தி ஆன கொண்டெய்னரைத் தனி டொக்கர் ரீஸ்டார்ட் செய்யாது. புரொசஸ் முடிந்தால்தான் செய்யும். (பல கணினிகளைச் சேர்த்து ஓட்டும் டொக்கரின் ஸ்வார்ம் முறை என்றால் மாற்றி வைக்கும்.) ஆகவே செயலிக்குள்ளேயே திருத்துங்கள்: தொடங்கும்போது 2 செக்கனுக்கு ஒருமுறை இணைப்பை முயலட்டும், ஒரு நிமிடத்தில் கிடைக்காவிட்டால் பிழையோடு வெளியேறட்டும். 'அன்லெஸ் ஸ்டொப்ட்' பொலிசி அதை மறுபடி எழுப்பும். உங்கள் பிரச்சினைக்கு உண்மையான மருந்து இதுதான். ஹெல்த்செக் அதற்குத் துணை.

கேள்வி: ஹெல்த் பக்கத்தில் தரவுத்தளம், எஸ்எம்எஸ் சேவை இரண்டையும் சோதிக்கலாமா? குபர்நெட்டிஸுக்கு (கொண்டெய்னர்களை நிர்வகிக்கும் இன்னொரு பெரிய முறை) மாறும் எண்ணமும் உண்டு.
– வாசகர், முள்ளியவளை

பதில்: எஸ்எம்எஸ் வேண்டாம். வெளியார் சேவை நின்றதற்காக உங்கள் செயலியை நோயாளி ஆக்கக்கூடாது. தரவுத்தளத்தை ரெடினஸில் ('வேலை ஏற்கத் தயாரா' என்ற சோதனை) சோதிக்கலாம், லைவ்னஸில் ('உயிரோடு உள்ளதா' என்ற சோதனை; தோற்றால் ரீஸ்டார்ட்) கூடாது: தரவுத்தளம் சற்றுத் தடுமாறினால் நல்ல கொண்டெய்னர்கள் எல்லாம் ஒன்றாக ரீஸ்டார்ட் ஆகும். குபர்நெட்டிஸ் இமேஜில் எழுதிய ஹெல்த்செக்கைப் பார்ப்பதே இல்லை. அதன் சோதனைகளான புரோப்களைத் தனியாக எழுதவேண்டும். அங்கே இயல்புக் காத்திருப்பு 1 செக்கன்தான், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.