தோளைக் கொடு: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நான்கு பேர் அப்புத்தளையில் ஒன்றாகப் படித்தவர்கள். இரண்டு பேர் ஊரிலேயே இருக்கிறோம், ஒருவன் கொழும்பில், ஒருவன் கட்டாரில். அவன் லீவில் வந்தபோது ஒகியாவில் ரயிலை விட்டு இறங்கி, பம்பரகந்த அருவி வரை நடந்தோம். முந்தின நாள் மழை, பாதை சரியான வழுக்கல். பாதி இறக்கத்தில் ஊரில் இருக்கும் மற்றவன் பயந்து உட்கார்ந்துவிட்டான். கேலி செய்தோம், வீடியோவும் எடுத்தோம். பையைத் தூக்கிக்கொண்டு தனியாகவே ஒகியாவுக்குத் திரும்பிவிட்டான். இரண்டு மாதமாக வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தை இல்லை. பயணம் போனால் நட்பு இறுகும், நம்மையே நமக்குத் தெரியவரும் என்கிறார்களே, எங்களுக்கு ஏன் இப்படி ஆனது? அடுத்த வருடம் தேயிலை மலைகள் வழியாகப் போகிற பீக்கோ நடைபாதையில் நடக்கலாம் என்று இருக்கிறோம். அவனை எப்படிக் கூப்பிடுவது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த வீடியோவை மூன்று போனிலும் அழித்துவிடுங்கள். அப்புறம் மற்றதைப் பேசலாம்.

பம்பரகந்த 263 மீட்டர், இலங்கையிலேயே உயரமான அருவி. அந்தப் பக்கத்து இறக்கத்தில் மழைக்கு மறுநாள் பயம் வருவது இயற்கை. உங்கள் நண்பர் பயந்ததும் சரி, திரும்பியதும் சரி. அவரைத் தனியாக விட்டதுதான் தப்பு. மலையில் ஒருவர் திரும்பினால் இன்னொருவர் கூடத் திரும்ப வேண்டும். மூடுபனி இறங்கிவிட்டால் தோட்டத்து ஆளே தடுமாறுவான்.

நம்மைத் தெரியவரும் என்றார்களே என்று கேட்கிறீர்கள். தெரியவந்துவிட்டதே, தம்பி. கூட்டாளி பயந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துவிடுகிறவர் நீங்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

1996 மார்ச்சில் நானும் என் கூட்டாளி ஒருவனும் நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலை ஏறினோம். 2,243 மீட்டர், 5,000க்கும் மேலே படிகள். ராத்திரி முழுக்கப் பாட்டும் கூச்சலும். எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை முறை உச்சியில் மணி அடிப்பது வழக்கம். அவன் ஒன்று அடித்தான், நான் இரண்டு. சூரியன் வந்ததும் மலையின் நிழல் மேற்கே முக்கோணமாக விழுந்ததையும் பார்த்தோம். இறங்கும்போதுதான் அவனுடைய முழங்கால் விட்டுவிட்டது. படிக்குப் படி பக்கவாட்டில் காலை வைத்து இறங்கினான். எனக்கோ மஸ்கெலியா பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். "என்னடா கிழவன் மாதிரி" என்று கத்திவிட்டு முன்னால் போய், ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்தான். கண் சிவந்திருந்தது. கையை நீட்டினேன், பிடிக்கவில்லை.

"கை வேணாம்டா, தோளக் குடு" என்றான்.

மிச்சப் படிகள் முழுக்க என் வலது தோளில் அவன் கை. நான் ஒரு படி கீழே, அவன் ஒரு படி மேலே. அவன் கால் இறங்கும்போது கை அழுந்தும், நின்றதும் லேசாகும். நடுவில் எங்கேயோ பேசத் தொடங்கினான். ஏ.எல். (உயர்தர) பரீட்சை இரண்டாவது தடவையும் தவறியதையும், வீட்டில் பாஸ் என்று சொல்லிவைத்ததையும், கொழுந்தெடுக்கிற அம்மா அதைத் தோட்டத்து லயம் முழுக்கச் சொல்லித் திரிவதையும் சொன்னான். பத்து வருடப் பழக்கம், எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பான். நம் ஆண்பிள்ளைகளுக்கு முகத்தைப் பார்த்து இதெல்லாம் சொல்ல வராது. முன்னால் போகிறவனின் முதுகிடம் சொல்ல வரும்.

பீக்கோ நடைபாதை நல்ல யோசனைதான். கண்டிக்குப் பக்கத்து ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேல், நிறைய இடத்தில் தேயிலை கொண்டுபோன பழைய தோட்டப் பாதைகள். ஆனால் அதற்கு அவசரமில்லை. இப்போது அவர் வீட்டுக்கு நீங்கள் மட்டும் போங்கள். குழுவில் மன்னிப்புப் போடாதீர்கள். வீடியோவை அழித்துவிட்டோம், உன்னைத் தனியாக விட்டது தப்பு என்று நேரில் சொல்லுங்கள், போதும். ஒரு விடியற்காலை தம்பேத்தன்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து மலை உச்சியில் இருக்கிற லிப்டன் சீட் வரைக்கும் நடக்கக் கூப்பிடுங்கள். ஏழு கிலோமீட்டர் அளவில் ரோடு, வழுக்குமென்ற பயமில்லை. மேகம் ஏறிவருவதற்கு முன்னே மேலே போய்விட வேண்டும்.

அவரை முன்னால் விடுங்கள். அவர் நின்றால் நீங்களும் நில்லுங்கள். ஒன்றுமே பேசாவிட்டால் பேசாமலே திரும்பி வாருங்கள், அடுத்த வாரம் மறுபடியும் கூப்பிடுங்கள். ரொட்டியும் கட்டச் சம்பலும் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அண்ணன்