குரல்வளைப் புற்றுநோயில் கழுத்துக் கணுக்கள்: நீலகிரி வாசகர்களின் கேள்விகளுக்கு அறுவை மருத்துவர் பதில்

குன்னூர்: அப்பாவுக்குக் குரல் நாணுக்கு மேல் பகுதியில் புற்றுநோய். ஸ்கேனில் கழுத்துக் கட்டி எதுவும் இல்லை. ஆனாலும் இரண்டு பக்கமும் நிணநீர்க் கணுக்களை எடுக்க வேண்டும் என்கிறார்கள். இல்லாததை ஏன் எடுக்க வேண்டும் டாக்டர்?

குரல்வளைக்குள் கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது. குரல் நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு. அதனால் நாணோடு நிற்கும் ஆரம்பநிலைக் கட்டிக்குக் கழுத்தைத் தொடுவதில்லை. நாணுக்கு மேலே அந்தக் குழாய்கள் வலைபோல் அடர்ந்து, கழுத்தின் இரு பக்கமும் நிணநீரை வடிகட்டும் கணுக்களுக்குள் வடிகின்றன. ஸ்கேன் காட்டாத அளவுக்குச் சிறிய பரவல் கணுவுக்குள் ஒளிந்திருக்கலாம். அந்த வாய்ப்பு 15–20 சதவீதத்தைத் தாண்டினால் கழுத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை தருவதே நடைமுறை.

கழுத்துக் கணுக்களை ஆறு மட்டங்களாகப் பிரிப்போம். குரல்வளைக்கு முக்கியமானவை 2, 3, 4. தாடைக்கோணத்துக்குப் பின்னாலிருந்து காறையெலும்பு வரை, கழுத்துப் பெருஞ்சிரையை ஒட்டி இறங்குபவை. தாடைக்கு அடியில் உள்ள 1, பின்கழுத்தில் உள்ள 5 இரண்டையும் பெரும்பாலும் விட்டுவிடலாம். கட்டி நாணுக்குக் கீழே இறங்கியிருந்தால், மூச்சுக்குழலை ஒட்டிய 6ஆம் மட்டமும் தைராய்டின் ஒரு பகுதியும் சேரும். அப்படி எடுத்தவர்களுக்குக் கால்சியம் குறையலாம். உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ மதமதப்பு வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் நர்ஸிடம் சொல்லுங்கள்.

கூடலூர்: மாமாவுக்குக் குரல் கம்மி மூன்று மாதம். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. அதை வெட்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பலாமா?

வேண்டாம். முதலில் குழாய்க் கேமராவால் குரல்வளையைப் பார்க்க வேண்டும். பிறகு கான்ட்ராஸ்ட் சி.டி. நெறிக்கு ஊசிப் பரிசோதனை போதும், முடிந்தால் அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி. கத்தி வைத்துவிட்டால் திசு அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், புற்றுநோய் செல்களும் சிதறக்கூடும், பின்னால் முறையாகச் செய்யும் அறுவை கடினமாகிவிடும். காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்து நாளைக் கடத்துவதும் நடக்கிறது. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மினாலே குரல்வளையைப் பார்த்துவிட வேண்டும்.

கோத்தகிரி: என் கணவர் எஸ்டேட்டில் இலை மூட்டை தூக்குகிறவர். ஆபரேஷனுக்குப் பிறகு தோள் வேலை செய்யுமா?

இதை அறுவைக்கு முன்பே கேட்டது மிக நல்லது. 1906இல் கிரைல் விவரித்த பழைய முறையில் கணுக்களோடு கழுத்துத் தசை, பெருஞ்சிரை, தோளை உயர்த்தும் துணை நரம்பு மூன்றையும் எடுத்துவிடுவார்கள். கணுவிலிருந்து நோய் அவற்றில் ஒட்டியிருந்தால் தவிர இன்று அப்படிச் செய்வதில்லை. ஆனால் 2ஆம் மட்டத்தின் நடுவாகவே அந்த நரம்பு ஓடுகிறது. அறுக்காவிட்டாலும் இழுபடும். அதனால் தோள் தொங்கலாம், கையைப் பக்கவாட்டில் தோள் மட்டத்துக்கு மேல் தூக்க முடியாமல் போகலாம். தேறப் பல மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்.

அறுவை இடத்து நீரை வெளியேற்ற வைத்த வடிகுழாயை எடுத்ததும் பிசியோதெரபியைத் தொடங்குங்கள். முதலில் குனிந்து கையைத் தளர்வாக ஊசலாட்டுவது, பிறகு சுவரில் விரலால் ஏறுவது, தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்ப்பது. வலிக்குப் பயந்து கையை மடக்கியே வைத்தால் மூட்டு இறுகிவிடும், அதைப் பழையபடி கொண்டுவருவது நரம்பைத் தேற்றுவதைவிடச் சிரமம். குரல்வளையை முழுதும் எடுத்தவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: மூச்சை அடக்கி நெஞ்சை இறுக்க முடியாததால் பாரம் தூக்கும் வலு குறையும். மூட்டை வேலைக்குப் பதில் வேறு வேலையை மேற்பார்வையாளரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

ஊட்டி: இடப்பக்க வடிகுழாயில் பால் மாதிரி வருகிறது. சீழா?

சீழாக இருக்க வாய்ப்பு குறைவு. சாப்பிடத் தொடங்கியபின் வெள்ளையாக வந்தால் அது பெரும்பாலும் நிணநீர்க் கசிவு. கொழுப்பைச் சுமந்து வரும் மார்பு நிணநாளம் இடக்கழுத்தின் அடியில், 4ஆம் மட்டத்தில் சிரையோடு சேர்கிறது. வடிநீரில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 100 மி.லி.க்கு 100 மி.கி.க்கு மேல் இருந்தால் உறுதி. எண்ணெய், நெய், பால், தேங்காய் நிறுத்தி, மருத்துவமனை தரும் எம்.சி.டி. உணவு (நிணநாளத்தில் சேராமல் நேரே ரத்தத்தில் கலக்கும் கொழுப்பு), அழுத்தக் கட்டு, தேவைப்பட்டால் கசிவைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைட் ஊசி. பலருக்கு இதிலேயே அடங்கும். நாளுக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று தொடர்ந்தால் மறுபடி திறந்து அந்த நாளத்தைக் கட்ட வேண்டும். எத்தனை மி.லி. என்று தினமும் எழுதி வையுங்கள். வடிநீர் 24 மணி நேரத்தில் 25–30 மி.லி.க்குள் இறங்கிய பிறகே குழாயை எடுப்பார்கள்.

மஞ்சூர்: ரிப்போர்ட்டில் 24 கணுக்களில் 2இல் நோய், ஒன்றில் உறை தாண்டிப் பரவல் என்றிருக்கிறது. தையல் பிரித்தாயிற்று. தேயிலை சீசன் முடிந்து ரேடியேஷனுக்குப் போகலாமா?

தள்ளிப் போடாதீர்கள். 24 கணுக்கள் என்பது நல்ல அறுவையின் அடையாளம், 18க்கு மேல் வந்தாலே திருப்தி. கவலை தருவது நோய் கணுவின் உறையைத் தாண்டி வெளியே பரவியதுதான். அதற்கு ரேடியேஷனோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேர வேண்டும், சிறுநீரகமும் காதும் தாங்கினால். அறுவை நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். அதற்குள் பல் மருத்துவரைப் பாருங்கள்; பிடுங்கிய பல்குழி ஆற இரண்டு வாரமாவது வேண்டும். ரேடியேஷன் வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு, ஆறரை வாரம். தினமும் மலையிறங்கி ஏறுவது நடக்காது. வாந்தியும் தொண்டைப் புண்ணும் சேர்ந்தால் நடுவில் நின்றுவிடும், நின்றால் பலன் குறையும். கோயம்புத்தூரில் தங்க ஏற்பாடு செய்துவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குன்னூர்: அறுவை இல்லாமல் கீமோவும் ரேடியேஷனும் முடிந்து ஐந்து வாரம். கழுத்துக் கட்டி இன்னும் கைக்குத் தெரிகிறது.

இறந்த திசு கரைய நாளாகும். 12 வாரத்தில், மிச்சமிருக்கும் புற்றுநோயை ஒளிரக் காட்டும் பெட் சி.டி. ஸ்கேன் எடுங்கள். அதில் ஒளிராவிட்டால் கத்தி தேவையில்லை, கண்காணித்தால் போதும். ஒளிர்ந்தால் அப்போது கணுக்களை எடுக்கலாம். ஆனால் அதற்கு முன்பே கட்டி பெரிதானால் 12 வாரம் வரை இருக்க வேண்டாம், அந்த வாரமே வாருங்கள்.