ஆசிரியர் பதில்: கட்டியவரே அவிழ்க்கட்டும்

கேள்வி: நான் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன். மனைவி தஞ்சாவூர்ப் பக்கம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். ஞாயிறு இரவு ஆனால் போதும், ஏழு நாள் சமையலையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுவார். போன புதன்கிழமை வேலை முடிந்து வரும்போது, ஆசையாக எல்லாருக்கும் மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) டப்பாவ் பண்ணி, அதாவது பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். "இன்னிக்கு மீன் குழம்புன்னு எழுதியிருக்கேனே" என்றவர் அதன்பிறகு இரண்டு நாள் பேசவில்லை. சாப்பாட்டில் இவ்வளவு கறார் காட்டுபவர், தீபாவளிக்கு வீட்டை அலங்கரிக்கலாம் என்றால் மட்டும் "நாலு அகல்விளக்கும் ஒரு கோலமும் போதாதா? பியூபி (மின்சார) பில் யார் கட்டுறது?" என்கிறார். எனக்கு அக்டோபர் பிறந்ததும் வாசலில் மினுங்கும் லிப்-லாப் விளக்கு தொங்க வேண்டும். என் வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பே இல்லையா?

– பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், ஈசூன்

பதில்: இருக்கிறது. மீன் குழம்பு நாளில் மீ கோரெங்கோடு வந்தவருக்கு அன்று ராத்திரி மட்டும் சற்றுக் குறைந்திருக்கும்.

நீங்கள் வாங்கிவந்தது நான்கு பொட்டலம். அது எதையெல்லாம் கலைத்தது என்று பாருங்கள். ஞாயிறு காலை ஈரச்சந்தையில் வாங்கிய மீனைக் கழுவி, மஞ்சளும் உப்பும் தடவி, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து ஃபிரீசரில் வைத்திருப்பார். செவ்வாய் இரவு தூங்கப் போகும் முன் அதில் ஒன்றை எடுத்துக் கீழ்த்தட்டில் இறக்கியிருப்பார். நீங்கள் கதவைத் திறந்தபோது புளி ஊறிக்கொண்டிருந்திருக்கும். இளகிய மீனை மறுபடி உறைய வைத்தால் சதை சக்கையாகிவிடும். எனவே அது வியாழன் குழம்பாகியே தீர வேண்டும். வியாழனுக்கு வைத்திருந்த கங்கோங் கீரை வெள்ளிக்குள் மஞ்சளடித்துவிடும். வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் சைவம் என்றால் (தஞ்சாவூர்ப் பக்கம் என்கிறீர்கள், அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்) மிச்சக் குழம்பு சனிக்கிழமைக்குத் தள்ளிப் போகும். இவ்வளவுக்கும் இரண்டு நாள் பேசாமல் இருந்ததோடு விட்டார் என்றால், நீங்கள் கொடுத்துவைத்தவர்.

சமைப்பது ஒரு மணி நேர வேலை. என்ன சமைப்பது என்ற யோசனைக்குத்தான் ஓய்வே கிடையாது. தேங்காய்ப்பால் பாக்கெட் இருக்கிறதா, மூத்தவனுக்கு எந்தக் கிழமை துணைப்பாட வகுப்பு, உங்களுக்கு எந்த வாரம் இரவு வேலை, சின்னவள் கத்தரிக்காயைத் தொடுவாளா, எல்லாம் ஒரே தலைக்குள் ஓடும். இதோடு நம் நாள்காட்டி வேறு. புரட்டாசி முழுக்கச் சைவம் இருக்கும் வீடுகளில் பட்டியலே தலைகீழாகிவிடும். ஐப்பசி பிறந்து, தீபாவளிக் காலை தோசையும் ஆட்டிறைச்சிக் குழம்பும் முடிந்த கையோடு கந்த சஷ்டி விரதம் வந்து நிற்கும். இத்தனையையும் சுமக்க முடியாமல்தான் தாளில் இறக்கிவைக்கிறார். அதை நீங்கள் உங்களுக்கு வந்த உத்தரவாகப் படிக்கிறீர்கள்.

உங்களுக்கு என் யோசனை, அந்தத் தாளில் இரண்டு நாளை உங்கள் பெயருக்கு எழுதி வாங்குங்கள். 'கூடமாட உதவி செய்கிறேன்' என்ற பேச்சே வேண்டாம். என்ன செய்வது என்று முடிவெடுப்பது, வாங்குவது, நறுக்குவது, பாத்திரம் தேய்ப்பது எல்லாமே உங்கள் தலையில். "இன்னிக்கு என்ன வைக்கட்டும்?" என்று அவரிடம் கேட்டுவிட்டீர்கள் என்றால் அந்த நாளும் அவர் கணக்கில்தான் சேரும். மிச்சம் ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும், அதுவும் உங்கள் பொறுப்பு. நம் ஊர்ப் புழுக்கத்தில் இரவெல்லாம் அடுப்பின் மேல் கிடந்த சாம்பாரைக் காலையில் ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும் என்று இன்னமும் பல வீடுகளில் நம்புகிறார்கள். சில கிருமிகள் விட்டுப்போகும் நச்சு கொதித்தாலும் அழியாது. மூன்றாவதாக ஒரு நாளைக் காலியாக விடச் சொல்லுங்கள். சனிக்கிழமை இரவு என்று வையுங்களேன். மீ கோரெங், ரொட்டி புராட்டா, எது வேண்டுமானாலும் அன்று வாங்கிக்கொண்டு வாருங்கள். வாசலிலேயே வரவேற்பு கிடைக்கும்.

விளக்கு விவகாரத்தில் நான் உங்கள் கட்சி. பாதி தூரம் வரைக்கும்.

முதலில் மின்கட்டணம். 10 வாட் எல்இடி சரம் ஒன்றை தினம் 6 மணி நேரம் எரியவிட்டால் 30 நாளைக்கு 1.8 யூனிட். ஒரு சிங்கப்பூர் வெள்ளிகூட ஆகாது. உங்கள் மனைவிக்கும் இது தெரிந்திருக்கும். பில் என்று அவர் சொல்வது வேறு ஏதோ ஒன்றைச் சொல்ல வராதபோது கைக்கு அகப்பட்ட காரணம்.

அவர் வளர்ந்த ஊரில் தீபாவளி காதில் விழும். விடியுமுன் எண்ணெய்க் குளியல், அடுத்த தெருவிலிருந்து முதல் சரவெடி, புகை நாற்றம். இங்கே வெடிக்கு 1972லிருந்து முழுத் தடை, கையில் பிடிக்க மத்தாப்புதான் உண்டு. அதனால் வீவக அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் தீபாவளி கண்ணில்தான் தொடங்கும். ஒரு மாதத்துக்கு முன்பே சிராங்கூன் சாலையில் ஒளியூட்டு, கேம்பல் லேன் சந்தை நெரிசலில் அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து பார்த்தது, அப்படித்தானே உங்களுக்கும்? விளக்கில்லாத வாசல் உங்களுக்கு வெறிச்சென்று இருக்கிறது. விளக்கு மட்டும் மினுங்கி ஒரு சத்தமும் இல்லாத தீபாவளி அவருக்கு யாரோ வீட்டு விசேஷம் போல இருக்கலாம். அவருடைய கோலத்தையும் அகலையும் சிக்கனம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டது தப்பு. ஊரிலிருந்து அவரால் கொண்டுவர முடிந்தது அவ்வளவுதான்.

இனி மீதிப் பாதி. உங்கள் கடிதத்தில் தொங்கவிடுவது பற்றி இருக்கிறது, கழற்றுவது பற்றி ஒரு வரி இல்லை. பொங்கல் வந்தும் கம்பிக்கதவில் பாதி அறுந்து தொங்கும் சரங்களை எத்தனை புளோக்குகளில் பார்க்கிறோம்! ஒட்டுநாடாவின் பிசுக்கைச் சுரண்டுவது, சிக்கலெடுத்துச் சுற்றி ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குப் பின்னால் இடம் தேடுவது, அடுத்த வருடம் எந்தச் சரம் எரியாது என்று நினைவில் வைத்துக்கொள்வது, இதெல்லாம் இதுவரை யார் கையால் நடந்தது? உங்கள் கையால் என்றால் என்னை மன்னியுங்கள். இல்லை என்றால், "எதுக்கு இதெல்லாம்" என்ற கேள்விக்கு உங்களுக்கே பதில் கிடைத்துவிட்டது.

எனவே வாசல் உங்களுடையது, தொங்கவிடுவதிலிருந்து கழற்றி மடித்து வைப்பது வரை. 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. திங்களும் விடுமுறை என்பதால் விருந்தாளிகள் வந்துபோகட்டும். அடுத்த ஞாயிறு, 15ஆம் தேதி, ஏணியும் நீங்களும். தொடங்குவதை அக்டோபர் 1 என்று வைக்காமல், நடு அக்டோபரில் ஐப்பசி பிறந்ததும் என்று வையுங்கள். மூன்று வாரம் உங்களுக்குக் கிடைக்கும், அவருக்கும் புரட்டாசி நிம்மதியாக முடியும். பொது நடைபாதையில் 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது தீயணைப்பு விதி, ஆகவே மயில் வளைவு, செயற்கை வாழைமரம் என்று போய்விடாதீர்கள். வீட்டுக்குள்ளிருந்து வயரை இழுத்துத் தரையில் ஓடவிட்டால் முதலில் தடுக்கி விழப்போவது பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான். ஊரிலிருந்து வந்த இரண்டு முள் பிளக் சரமும் வேண்டாம். இங்கே விற்கும், பாதுகாப்பு முத்திரை உள்ள மூன்று முள் பிளக் போதும்.

கோலத்துக்கும் இதே சட்டம்தான், அம்மணியிடம் சொல்லிவிடுங்கள். மாவில் போட்டால் எறும்பு வரும், மறுநாள் துடைப்பதும் போட்டவர் வேலை. துப்புரவு ஊழியர் தலையில் கட்டக்கூடாது. அகலை ஏற்றிவைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போகக்கூடாது, அதுவும் செருப்பு அலமாரி பக்கத்தில்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்றால், சமையலிலிருந்து. அந்தப் புதன்கிழமையையே கேட்டு வாங்குங்கள், மீன் குழம்பு உட்பட. மீன் வாங்கத் தேக்கா சந்தைக்குத் திங்கள் காலை கிளம்பிவிடாதீர்கள், அன்று பல மீன் கடைகள் திறப்பதில்லை. உங்கள் மனைவி ஏன் ஞாயிற்றுக்கிழமையே போகிறார் என்று நினைத்தீர்கள்?