நான்கு கோடி இலக்கப் பகா எண்: சில கேள்விகள், பதில்கள்

2^136279841 − 1. 2024 அக்டோபரில் இதை அறிவித்தபோது, தெரிந்த பகா எண்களில் இதுவே மிகப் பெரியது. இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே.

சார், இந்த எண்ணை முழுசாக வாசிக்க முடியுமா?

மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். நொடிக்கு ஒன்று என்று சோறு தண்ணி இல்லாமல் வாசித்தாலும் 474 நாளைத் தாண்டும். இரும முறையில் எழுதினால் வெறும் ஒன்றுகள்தான், 13,62,79,841 ஒன்றுகள். நடுவில் ஒரு பூஜ்யம்கூடக் கிடையாது. கடைசி இலக்கத்தைக் கணினி இல்லாமலே சொல்லிவிடலாம். 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று முடிந்து திரும்பத் திரும்ப வரும். இந்த அடுக்கை 4-ஆல் வகுத்தால் மீதி 1. ஆக 2-இல் முடியும். அதில் ஒன்று போனால் 1.

அடுக்கில் எந்தப் பகா எண்ணைப் போட்டாலும் விடை பகா எண்தானா?

இல்லை. அடுக்கு பகா எண்ணாக இருந்தே ஆகவேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. 2^11 − 1 என்பது 2047, அதாவது 23 × 89. 2-இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் இந்த வகை எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். அந்தப் பெயருக்குரிய பிரெஞ்சு அறிஞர் மெர்சென்னே இதில் சறுக்கியவர்தான். 1644-இல் அவர் தந்த பட்டியலில் அடுக்கு 67-உம் இருந்தது. அது பகா எண் அல்ல என்று 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூகாஸ் காட்டினார், அதுவும் ஒரு காரணிகூடத் தெரியாமல். காரணிகளை 1903-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் கண்டுபிடித்தார்: 193707721 × 761838257287.

காரணி தெரியாமல் எப்படிச் சொல்ல முடியும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2 கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதையே திரும்பச் செய்யுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்தபின் மீதி பூஜ்யம் என்றால் அது பகா எண், இல்லையென்றால் இல்லை. 31-ஐப் பார்ப்போம், அடுக்கு 5, ஆக மூன்று படி. 4-இலிருந்து 14. அடுத்து 194, மீதி 8. அடுத்து 62, மீதி பூஜ்யம். அவ்வளவுதான்!

இதன் பெயர் லூகாஸ்–லேமர் சோதனை. நம் எண்ணுக்கு இதே வேலை 13 கோடி தடவைக்கு மேல், ஒவ்வொரு தடவையும் கோடிக்கணக்கான இலக்கங்களோடு. இதைக் கண்டுபிடித்த லூக் டூரண்ட் பல நாடுகளில் வாடகைக்கு எடுத்த கிராபிக்ஸ் சிப்களில் தேடினார். டப்ளினில் இருந்த ஒன்று அக்டோபர் 11 அன்று 'அநேகமாகப் பகா எண்' என்றது. மறுநாள் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் இருந்த இன்னொன்று லூகாஸ்–லேமர் சோதனையில் அதை உறுதி செய்தது. இந்த அளவில் ஏதோ ஓர் எண்ணை எடுத்துவந்து கேட்டால் இப்படிக் குறுக்குவழி கிடையாது. சாதனைப் பட்டியலை மெர்சென் எண்களே பெரும்பாலும் பிடித்துவைத்திருப்பது அதனால்தான்.

வங்கிப் பரிவர்த்தனையைப் பாதுகாக்க இது உதவுமா?

உதவாது. அங்கே சுமார் 300 இலக்கப் பகா எண்கள் போதும், அவை ரகசியமாகவும் இருக்கவேண்டும். இது ஊருக்கே தெரிந்த எண்.

52-ஆவது மெர்சென் பகா எண் என்கிறார்களே?

தெரிந்தவற்றில் 52-ஆவது என்று சொல்வதே சரி. இடையில் ஏதாவது விடுபட்டதா என்று பார்க்க, சிறிய அடுக்குகளையெல்லாம் மறுபடி சோதிக்கவேண்டும்.

இதற்கு அடுத்த பகா எண் எது?

யாருக்கும் தெரியாது. ஆனால் இதற்கும் இதன் இருமடங்குக்கும் நடுவில் ஒன்றாவது கட்டாயம் உண்டு. அதை ரஷ்யக் கணிதவியலாளர் செபிஷேவ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நிரூபித்துவிட்டார்.