சூடேறி நின்ற எஞ்சின்: வேலை பார்ப்பதா, விற்பதா?

கேள்வி: எங்களுடையது 2013-ல் பதிந்த ஸ்விஃப்ட் டீசல், 1,80,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும்போது டெம்பரேச்சர் சிவப்பு காட்டியது. இன்னும் நாலு வளைவுதானே என்று ஓட்டினோம். மேலே போய் நின்றுவிட்டது. 'ஃபுல் எஞ்சின் வேலை, 95,000 ஆகும்' என்கிறார் மெக்கானிக். பழைய எஞ்சின் 60,000-க்கு வருமாம். அப்படியே கொடுத்தால் 70,000-க்கு ஆள் இருக்கிறது. நல்லா ஓடும் இதே வண்டி எங்கள் பக்கம் 2,20,000 போகுதுங்க. எது லாபம்?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஓடும் வண்டிக்கும் நின்ற வண்டிக்கும் உள்ள வித்தியாசம் 1,50,000 ரூபாய். செலவுக்கு உச்ச வரம்பு அதுதான். 95,000 என்பதோடு கால் பங்கு கூட்டி 1,20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரித்த பிறகு ஏதாவது கூடாமல் இருப்பது அபூர்வம். ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்றும் கேளுங்கள்.

ஆனால் எஞ்சினைத் திறக்காமலே 'ஃபுல் வேலை' என்று முடிவு கட்டியதை நாங்கள் ஏற்கவில்லை. இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பகுதியான பிளாக் வார்ப்பிரும்பு, அதை மேலே மூடும் ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம்தான் அதிகம் விரியும். ஆகவே முதலில் அடி வாங்குவது ஹெட்டும், இரண்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டும். கீழே பிஸ்டன், அது சுழற்றும் தண்டான கிராங்க் எல்லாம் தப்பியிருக்க வாய்ப்பு உண்டு.

கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டு, கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றச் சொல்லுங்கள். தடையில்லாமல் சுற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் கூலன்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்) கலந்திருக்கிறது. அந்த ஆயிலோடு ஓடியிருந்தால் கிராங்கைத் தாங்கும் பேரிங்கையும் பார்க்காமல் விடக்கூடாது. அடுத்து, காற்று எங்கே கசிகிறது என்று பார்க்கும் லீக் டவுன் டெஸ்ட்: ஒவ்வொரு சிலிண்டராக பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, வால்வுகள் மூடிய நிலையில் காற்றழுத்தம் கொடுப்பார்கள். ஆயில் ஊற்றும் வாய் வழியே காற்று சீறினால் பிஸ்டன் ரிங், போர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்மானம். கூலன்ட் டேங்கில் குமிழி வந்தால் கேஸ்கெட் போயிருக்கும், அல்லது ஹெட்டில் விரிசல். இன்டேக்கிலோ சைலன்சரிலோ சத்தம் கேட்டால் வால்வு. பெட்ரோல் வண்டியில் செய்வதுபோல சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றி கம்ப்ரஷன் பார்க்க விடாதீர்கள். டீசலில் அந்த ஆயிலே பற்றிக்கொள்ளலாம்.

பிறகு ஹெட்டை மட்டும் கழற்றிப் பார்க்க எவ்வளவு கூலி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லேத் பட்டறையில் பிரஷர் டெஸ்ட் போட்டு விரிசல் பார்க்கட்டும். ஸ்ட்ரெய்ட் எட்ஜும் (நேர்விளிம்புப் பட்டை) ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்து வளைவை அளக்கட்டும். பல சிறிய எஞ்சின்களில் 0.05 மி.மீ.தான் எல்லை, உங்கள் எஞ்சினின் மேனுவல் சொல்லும் அளவே இறுதி. டீசல் ஹெட்டை இஷ்டத்துக்கு பிளேன் செய்ய (மேற்பரப்பை இழைத்துச் சமன் செய்ய) முடியாது. வால்வு பிஸ்டனுக்கு நெருங்கிவிடும். சில கம்பெனிகள் அனுமதிப்பதே இல்லை. ஹெட் போல்ட் செட் புதிதாகவே வேண்டும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் படிப்படியாக இறுக்கி, பின் குறிப்பிட்ட கோணம் திருப்ப வேண்டும்.

போரை மேல், நடு, அடி என மூன்று இடத்தில், நீளவாக்கிலும் குறுக்கிலும் போர் கேஜால் அளக்க வேண்டும். அந்த எண்கள் கைக்கு வரும்வரை ஓவர்சைஸ் (அளவு கூடிய) பிஸ்டனுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். போர் அடித்தே (போரைக் கடைந்து பெரிதாக்கியே) ஆக வேண்டுமென்றால் பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்து அதற்கேற்றபடி அடிக்க வேண்டும்.

ஹெட்டோடு வேலை முடிந்தால் தயங்காமல் செய்யுங்கள். பிஸ்டன், பேரிங் வரை இறங்கினால், இன்னும் சில வருடம் வைத்து ஓட்டுவதாக இருந்தால் மட்டும் செய்யலாம். 15 வருடப் பதிவு 2028-ல் முடிகிறது, புதுப்பிக்கும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிராங்கும் டர்போவும் போயிருந்தால் 1,50,000-ஐத் தொட்டுவிடும். 70,000-க்குக் கொடுத்துவிடுவதே நல்லது.

பழைய எஞ்சின் 60,000 என்பதில் இறக்கி ஏற்றும் கூலி, கிளட்ச், மவுன்ட், ஆயில் எதுவும் இருக்காது. ஓடவிட்டுக் காட்டாத எஞ்சினை வாங்க வேண்டாம். எஞ்சின் எண் போட்ட பில் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் மாற்ற வேண்டும். இன்ஷூரன்ஸுக்கும் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையிலோ விற்கும்போதோ மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: ஹெட் வேலை பார்த்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மறுபடியும் சூடாகிறது. ஏனுங்க?
- வாசகர், திருப்பூர்

பதில்: விளைவைச் சரிசெய்துவிட்டு காரணத்தை விட்டிருக்கிறார்கள். போர்வெல் உப்புத்தண்ணியை ஊற்றியிருந்தால் ரேடியேட்டரின் உள்ளே உப்புப் படிவு சேர்ந்து குழாய்கள் அடைத்திருக்கும். எஞ்சின் சூடானதும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ரேடியேட்டர் முழுக்கக் காட்டுங்கள். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் அடைப்பு அங்கேதான். அடைப்பு அதிகமென்றால் ரேடியேட்டரையே மாற்றுங்கள். தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு), பிரஷர் கேப், ஃபேன், வாட்டர் பம்ப் இவற்றையும் பாருங்கள். கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு மட்டம் இறங்கியிருந்தால் நிரப்புங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.