வாசகர் கேள்விகள்: மலைத்துப் போவது எப்படி?

ஏற்காடு லேடிஸ் சீட்டில் நின்று கீழே பார்த்தால் அடிவயிறு கூசுகிறது, ஆனாலும் கண்ணை எடுக்க மனசு வரவில்லை. அதே மலையைத் தினமும் மொட்டை மாடியிலிருந்து பார்க்கிறேன், ஒன்றும் தோன்றுவதில்லை. போட்டோவிலும் அந்த உணர்வு வரவில்லையே, ஏன்?
– வாசகர், அஸ்தம்பட்டி

அழகு வேறு, நம்மை மலைக்க வைக்கும் உன்னதம் (ஆங்கிலத்தில் ‘சப்ளைம்’) வேறு என்று 1757-இல் பிரித்துக் காட்டியவர் எட்மண்ட் பர்க் என்ற சிந்தனையாளர். அவர் கணக்கில் அழகானது சிறியது, வழவழப்பானது. உன்னதத்துக்கு வேர் அச்சம். ஆபத்து நெருக்கிப் பிடித்தால் அது வெறும் பயம்தான். சற்றுத் தள்ளி நின்றால் அதே பயம் ஒருவித இன்பமாக மாறுகிறது. கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்கும்வரை உங்களுக்குக் கிடைப்பது அந்த இன்பம். தாண்டிப்போய் செல்ஃபி எடுப்பவருக்கு மிஞ்சுவது கால் நடுக்கம்.

மொட்டை மாடிக் கேள்விக்கும் அவரிடம் பதில் உண்டு. ஒரே அளவுதான் என்றாலும், அண்ணாந்து பார்க்கும் உயரத்தைவிடக் குனிந்து பார்க்கும் ஆழமே நம்மை அதிகம் உலுக்கும் என்கிறார். சரிவைவிடச் செங்குத்து வலிது. வழவழப்பைவிடக் கரடுமுரடு வலிது. சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரில். கீழிருந்து பார்த்தால் அந்த வித்தியாசம் ஒரு நீலச் சரிவு, அவ்வளவே.

போட்டோவில் ஆபத்து அறவே இல்லை. செல்போனின் அகல லென்ஸ் தூரத்தில் இருப்பதை இன்னும் சிறிதாக்கித் தட்டையாக்கிவிடும். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது, அதுவும் படத்தில் விழும்படி எடுங்கள். அளவை ஒப்பிட ஒரு பொருள் கிடைத்தால் பள்ளம் பள்ளமாகத் தெரியும். பனிமூட்டமும் நல்லதே, தெளிவின்மை அச்சத்தைக் கூட்டும் என்பது பர்க் கட்சி. ஆனால் முழுக்க மூடிவிட்டால் வெள்ளை வேட்டியைப் பார்ப்பதும் அதுவும் ஒன்றுதான். பாதி மூடி, பாதி விலகும் நேரத்துக்குக் காத்திருங்கள்.

146 அடி முத்துமலை முருகன் சிலையின் காலடிக்குப் போனதும் பிரமிப்பு குறைந்துவிட்டது. என்ன காரணம்?
– வாசகர், ஆத்தூர்

நின்ற இடம்தான். எகிப்தின் பிரமிடுகளை மிக நெருங்கியும் பார்க்கக் கூடாது, மிக விலகியும் பார்க்கக் கூடாது என்று சவாரி என்ற பிரெஞ்சுப் பயணி சொன்னதை, ஜெர்மன் தத்துவஞானி காண்ட் 1790-இல் விளக்கினார். விலகினால் கற்கள் மங்கிவிடும். நெருங்கினாலோ, கண் அடியிலிருந்து உச்சிக்கு ஏறி முடிப்பதற்குள் அடியில் பார்த்தது நழுவிவிடும், முழுமை கைகூடாது. தரை சமமென்றால், சிலையின் உயரமளவு, அதாவது 146 அடி தள்ளி நின்றாலும் உச்சியைப் பார்க்கக் கிட்டத்தட்ட 45 டிகிரி நிமிர வேண்டும். 300 அடியில் 25 டிகிரி போதும். இந்த இரண்டுக்கும் நடுவில் மெதுவாக நடந்து பாருங்கள். கலப்பற்ற உன்னதத்தை மனிதர் செய்த பொருளில் தேடாதே, இயற்கையில் தேடு என்பது காண்ட்டின் நிலை. அவரைக் கேட்டால் சேர்வராயன் மலையைத்தான் கை காட்டியிருப்பார்.

‘சப்ளைம்’ என்பதைத் தமிழில் ‘பெருமிதம்’ எனலாமா?
– வாசகர், ஓமலூர்

கூடாது. தொல்காப்பியத்தில் பெருமிதம் கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை நான்கிலும் பிறப்பது. அது வீரன் நெஞ்சில் இருப்பது. ‘மருட்கை’, அதாவது வியப்பு, நெருங்கி வரும். அதற்குக் காரணம் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். சிறுமையும் பட்டியலில் இருப்பதைப் பாருங்கள்! மிகச் சிறியதும் ஓரளவு உன்னதமே என்று பர்க்கும் எழுதினார். ஆனால் தொல்காப்பியம் அச்சத்தைத் தனி மெய்ப்பாடாக (உடலில் வெளிப்படும் உணர்ச்சியாக) வைத்தது, பர்க் இரண்டையும் முடிச்சுப் போட்டார். அதனால் முழுப் பொருத்தம் கிடையாது. வழக்கில் இருக்கும் ‘உன்னதம்’ இருந்துவிட்டுப் போகட்டும். பேச்சில் ‘மலைச்சுப் போயிட்டேன்’ என்கிறோமே, எனக்கு அதுதான் பிடிக்கும்.

மழையைப் பற்றிய என் கவிதையில் ‘பிரம்மாண்டப் பேரண்டப் பெருமழை’ என்று எழுதினேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள்.
– வாசகர், சூரமங்கலம்

உன்னதத்தைப் பற்றி லாங்கினஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க நூல் இந்த வீக்கத்தைத்தான் கண்டிக்கிறது: நீர்கோத்த உடம்பைவிட வறண்டது வேறில்லையாம். அதே நூல் உயர்வுக்கு எடுத்துக்காட்டும் பைபிள் வரி, ‘வெளிச்சம் உண்டாகக்கடவது’ என்பது. அதில் ஓர் அடைமொழி உண்டா? உங்கள் மூன்று சொல்லும் ‘பெரியது’ என்ற ஒன்றையே சொல்கின்றன. முன்னிரண்டையும் அடித்துவிட்டு, மழை எதை மூழ்கடித்தது என்று எழுதுங்கள்.