நெரிசலான சாலையை அகலப்படுத்தினால் போதாதா?

கேள்வி: "ஒரு நகரமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்த வட்டாரத்துக்குப் போக்குவரத்துத் திட்டம் போடும்போது கார், பஸ், சைக்கிள், நடந்து போகிறவர்கள் எல்லோரையும் எப்படி ஒரே திட்டத்துக்குள் கொண்டுவருகிறார்கள்? நெரிசலான சாலைகளை அகலப்படுத்திவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடாதா?"

தீராது. ஏன் என்று சொல்லும் முன் நான் இந்தத் துறைக்குள் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது.

படித்து முடித்த புதிதில் ஒரு போக்குவரத்துக் கணக்கெடுப்பில் தினக்கூலிக்குச் சேர்ந்தேன். நாற்சந்தி மூலையில் உட்கார்ந்து, போகிற வண்டிகளைக் கோடு போட்டு எண்ண வேண்டும். நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம். கார், இருசக்கர வண்டி, லாரி, பஸ் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பத்தி. சைக்கிளுக்கு 'மற்றவை'. காலை எட்டே காலுக்குப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகச் சாலையைக் கடந்தார்கள். பின்னாலேயே வந்த ஒரு பெரியவர் பாதிச் சாலை கடந்து, நடுத்திட்டில் ஏறி நின்று, வண்டிகள் ஓயட்டும் என்று காத்திருந்தார். அவர்களைக் குறிக்க என் படிவத்தில் பத்தி இல்லை. மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "நடக்கிறவங்க வண்டி இல்லையேப்பா" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. படிவம் அவருக்கும் மேலே இருந்து வந்ததுதான்.

சில மாதம் கழித்து அறிக்கை வந்தது. அந்தச் சந்திப்பில் மேம்பாலம் வேண்டும் என்றது. அந்தப் பெரியவரும் பிள்ளைகளும் அதில் எந்தப் பக்கத்திலும் இல்லை. திட்டத்தில் யாருக்கு இடம் என்பது, வரைபடம் விரிக்கப்படுவதற்கு வெகு முன்பே, எண்ணுகிற நாளிலேயே முடிவாகிவிடுகிறது. அன்று புரிந்த இந்த விஷயம் இன்றுவரை எனக்கு மாறவில்லை.

எண்ணிய பிறகு நடப்பதையும் பாருங்கள். வண்டிகளை அப்படியே கூட்ட முடியாது என்பதால் எல்லாவற்றையும் 'கார் அலகு' என்ற ஒரே அளவுக்கு மாற்றுவார்கள். கார் 1 என்றால் பஸ் 2 அல்லது 3 என்று வைப்பது வழக்கம். சாலையில் அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதுதான் கணக்கு. உள்ளே 50 பேர் இருந்தாலும் ஓட்டுநர் மட்டும் இருந்தாலும் எண் ஒன்றே. ஆகவே இந்தக் கணக்கில் நிறைந்த பஸ் என்பது மூன்று கார் அளவு தொந்தரவு. ஆட்களை எண்ணியிருந்தால் அதே பஸ் அந்தச் சாலையிலேயே அதிகம் பேரைச் சுமக்கும் வண்டியாகத் தெரிந்திருக்கும். சாலை ஒன்றுதான், காலை ஒன்றுதான். அலகு மாறினால் பஸ்ஸுக்குத் தனித்தடம் கொடுப்பதா, அதை ஓரம்கட்டுவதா என்ற முடிவே மாறிவிடும்.

வட்டார அளவில் வரும்போது இன்னொரு இடத்தில் ஆட்கள் காணாமல் போகிறார்கள். உலகம் முழுக்கப் பெரும்பாலான திட்டங்கள் 1950களில் டெட்ராய்ட், சிகாகோ ஆய்வுகளில் உருவான நான்கு படி முறையைத்தான் ஏதோ ஒரு வடிவில் இன்னும் பின்பற்றுகின்றன. வட்டாரத்தைச் சிறு சிறு மண்டலங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு மண்டலத்திலும் எத்தனை பயணம் கிளம்புகிறது, எங்கே போகிறது, எதில் போகிறது, எந்தச் சாலை வழியாகப் போகிறது என்று வரிசையாகக் கணக்கிடுவார்கள். ஒரு மண்டலத்தில் கிளம்பி அதே மண்டலத்துக்குள் முடியும் பயணம் கடைசிப் படியில் எந்தச் சாலையிலும் ஏறாது. பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடம், மருந்துக் கடை, பூங்கா என்று நாம் நடந்தும் சைக்கிளிலும் போவதில் பெரும்பகுதி இப்படித்தான் மறைகிறது. பஸ்ஸுக்கு 10 நிமிடம் நடந்து போகிறவரின் பயணமும் 'பஸ்' என்று ஒரே சொல்லில் பதிவாகிறது. அந்த 10 நிமிடத்தில் நடைபாதை உடைந்திருந்ததா, விளக்கு எரிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு பெண் இரவில் பஸ்ஸில் போவதை நிறுத்திவிட்டால், அதற்கான காரணம் பெரும்பாலும் அந்தப் 10 நிமிடத்தில்தான் இருக்கும்.

இந்த முறையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 20 ஆண்டு முன்னோக்கிப் பார்க்க ஏதோ ஒரு கணக்கு வேண்டும். மண்டலங்களைச் சிறிதாக்கலாம், வீட்டு வாசலில் இருந்து போய்ச்சேரும் வாசல் வரை முழுப் பயணத்தையும் கேட்டுப் பதியலாம், நடப்பவருக்குப் பத்தி போடலாம். பலர் இப்போது செய்கிறார்கள்.

இனி, சாலையை அகலப்படுத்துவது. ஜில் டுராண்டன், மேத்யூ டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்க நகர்ப்பகுதிகளின் நெடுஞ்சாலைத் தரவுகளை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சாலைத் தடத்தின் நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் தூரமும் கூடுகிறது என்று கண்டார்கள். வேறு நேரத்தில் போய்க்கொண்டிருந்தவர் உச்ச நேரத்துக்கு வருகிறார். பஸ்ஸில் போனவர் கார் எடுக்கிறார். சாலை விரைவாகிவிட்டதே என்று இன்னொருவர் வேலையிடத்துக்கு எட்டாத தூரத்தில் வீடு வாங்குகிறார். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. மற்ற இருவரும் மனம் மாறலாம், தள்ளிப் போன வீடு பல பத்தாண்டுகளுக்கு அங்கேயே நிற்கும். அந்த வீட்டில் வளரும் பிள்ளைக்கு எதற்கும் கார்தான் வழி.

இதன் மறுபக்கத்தைத் தென்கொரியாவின் சியோல் நகரம் காட்டியது. நகரின் நடுவே போன சோங்கேசோன் உயர்நிலை விரைவுச்சாலையை 2003இல் இடிக்கத் தொடங்கி, அடியில் மூடிக்கிடந்த ஓடையை மீட்டு 2005இல் திறந்தார்கள். ஓடையின் படத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். 2004 ஜூலையில் அதே நகரம் தன் பஸ் அமைப்பையே மாற்றிப்போட்டது பலருக்குத் தெரியாது. முக்கியத் தடங்களுக்கு நீலம், அதில் கொண்டுவந்து சேர்க்கும் உள்ளூர்த் தடங்களுக்குப் பச்சை, புறநகர் ஊர்களுக்குச் சிவப்பு, மையத்தைச் சுற்றுவதற்கு மஞ்சள். சாலை நடுவே பஸ் தடங்கள் போட்டார்கள். பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் சேர்த்துத் தூரத்தை வைத்துக் கட்டணம் வந்தது. மாறி ஏறினால் மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டியதில்லை. விரைவுச்சாலையை எடுத்ததை மட்டும் பார்த்துவிட்டு வேறு ஊரில் அப்படியே செய்தால் கோபம்தான் மிஞ்சும். எடுத்ததற்கு ஈடாக என்ன கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

வட்டாரம் என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் வருவது இந்த இடத்தில்தான். ஆட்களின் பயணத்துக்கு நகர எல்லை தெரியாது, நிர்வாகத்துக்கு மட்டுமே தெரியும். எல்லைக் கோட்டோடு ஒரு பஸ் திரும்பிவிடும், அடுத்தது வேறு நிர்வாகத்தின் பஸ், வேறு டிக்கெட், வேறு கால அட்டவணை. இதை உடைக்க 1965இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் வட்டாரத்தில் பல போக்குவரத்து நிறுவனங்களைச் சேர்த்து ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள். ஒரே டிக்கெட், ஒருங்கிணைந்த அட்டவணை. பிறகு பல வட்டாரங்கள் அந்த வழியில் போயின. அமெரிக்காவில் 1962ஆம் ஆண்டுச் சட்டம் 50,000 பேருக்கு மேல் உள்ள நகர்ப்பகுதிகளில், உள்ளாட்சிகள் சேர்ந்து திட்டமிட்டால்தான் கூட்டாட்சி அரசின் சாலை நிதி என்றது. பணம் நிபந்தனையோடு வந்தால் பேசாத நிர்வாகங்களும் ஒரே மேசைக்கு வந்துவிடுகின்றன.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் சுவிட்சர்லாந்து. பல இடங்களில் முதலில் பாதை போட்டு, பிறகு அதில் ஓடும் ரயிலுக்கு அட்டவணை எழுதுவார்கள். அவர்கள் முதலில் அட்டவணையை எழுதினார்கள். பெரிய நிலையங்களில் எல்லாத் திசை ரயில்களும் மணி அடிப்பதற்குச் சற்று முன் வந்து சேர வேண்டும், ஆட்கள் மாறி ஏறியதும் சற்றுப் பின் கிளம்ப வேண்டும், பஸ்களும் அதே நேரத்துக்கு வாசலில் நிற்க வேண்டும். அது நடக்க இரண்டு பெரிய நிலையங்களுக்கு இடையே ஓட்டம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். சூரிக்குக்கும் பெர்னுக்கும் இடையே அதற்கு மேல் ஆனது. ஆகவே அந்த நிமிடங்களைக் குறைக்கும் அளவுக்குப் புதுப் பாதை போட்டார்கள். 1987இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட அந்தத் திட்டம் 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. முடிந்தவரை வேகம் என்று அவர்கள் ஓடவில்லை. மாறி ஏறுவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு வேகம் போதும் என்றார்கள். அரை மணிக்கு ஒரு முறை வரும் பஸ்ஸைக் கண்ணெதிரே தவறவிட்டு நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். காத்திருக்கும் 1 நிமிடத்தை வண்டிக்குள் இருக்கும் 2 நிமிடத்துக்குச் சமமாகத் திட்டக் கணக்குகளே எடுத்துக்கொள்வதுண்டு.

சைக்கிளை வட்டாரத் திட்டத்தில் சேர்ப்பது என்றதும் பலர் நகருக்குள் கோடு போட்ட ஒரு தடத்தை நினைக்கிறார்கள். நெதர்லாந்தில் ஆர்ன்ஹெம், நைமேகன் என்ற இரண்டு நகரங்களுக்கு இடையே சுமார் 16 கி.மீ. விரைவுச் சைக்கிள் பாதை இருக்கிறது; ஊர் விட்டு ஊர் வேலைக்குப் போக அது பயன்படுகிறது. அதைவிட முக்கியம், அந்த நாட்டில் ரயிலேற வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் நிலையத்துக்குச் சைக்கிளில்தான் வருகிறார்கள். உட்ரெக்ட் நிலையத்தின் சைக்கிள் நிறுத்தத்தில் மட்டும் 12,500 சைக்கிள் நிற்கும். நடந்தால் ஒரு நிலையத்துக்கு 800 மீட்டர் தூரத்துக்குள் இருப்பவர்தான் வசதியாக வருவார். சைக்கிளில் 3 கி.மீ. வரை எளிது. ஆரம் நான்கு மடங்குக்குக் கிட்டே போனால் பரப்பு ஏறக்குறைய 14 மடங்கு. ஒரு அடி தண்டவாளம் புதிதாகப் போடாமல் அதே நிலையம் அத்தனை பெரிய பகுதிக்குப் பயன்படுகிறது.

நடப்பவர்களுக்கு வருகிறேன். அந்தப் பெரியவர் ஏன் நடுத்திட்டில் நின்றார்? பச்சை மனித விளக்குக்கு நேரம் குறிக்கும்போது ஆள் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று எடுப்பது பரவலான பழக்கம். 18 மீட்டர் சாலைக்கு 15 நொடி. மூட்டு வலியோடு நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பவர் அந்த 15 நொடியில் 12 மீட்டர்தான் போயிருப்பார். மீதி 6 மீட்டர், இரண்டு தடம் அகலம், வண்டிகளுக்குப் பச்சை விழுந்த பிறகு. அவருக்கு இன்னும் எட்டு நொடி தேவை, அவ்வளவுதான். அந்த எட்டு நொடியை வண்டிகளிடமிருந்து எடுக்க நான் உட்கார்ந்த கூட்டங்களில் எத்தனை தயக்கம் பார்த்திருக்கிறேன்! மேம்பாலத்துக்கு அந்தத் தயக்கம் வந்ததே இல்லை.

வேகமும் அப்படித்தான். ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்து பிரேக்கை மிதிக்க 1 நொடி ஆகிறது என்று கொள்ளுங்கள். 50 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடியிலேயே கார் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த சாலையில் 30 கி.மீ. வேகத்தில் வந்த கார் அந்தத் தூரத்துக்குள் முழுதாகவே நின்றிருக்கும். ஒரு பிள்ளை பந்தின் பின்னால் ஓடிவந்த இடத்தில் ஒரு கார் நிற்கிறது, மற்றது பிரேக் பிடிக்கக்கூடத் தொடங்கவில்லை. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலையில் சாகிறார்கள். அதில் பாதிக்கு மேல் நடப்பவர்களும் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களும்தான்.

எல்லோரையும் ஒரே திட்டத்தில் சேர்ப்பது என்றால் ஒவ்வொரு சாலையிலும் எல்லோருக்கும் இடம் தருவது என்று எடுத்துக்கொண்டால் குழப்பம்தான் வரும். எந்தச் சாலை யாருக்கு முதன்மை என்று முடிவெடுக்க வேண்டும். நெதர்லாந்தின் க்ரோனிங்கன் 1977இல் தன் நகர மையத்தை நான்கு பகுதியாகப் பிரித்தது. ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குக் காரில் நேராகப் போக முடியாது, வெளியே வட்டச்சாலைக்குப் போய்த்தான் வர வேண்டும். நடந்தோ சைக்கிளிலோ நேராகப் போகலாம். பெல்ஜியத்தின் கென்ட் நகரம் 2017இல் ஆறு பகுதியாகப் பிரித்து இதையே செய்தது. வணிகர்கள் எதிர்த்தார்கள், பதற்றம் இருந்தது. இதற்காகக் கட்டடங்களை இடிக்க வேண்டியிருக்கவில்லை. காரில் குறுக்கே கடந்து போவது நின்றது.

உங்கள் வட்டாரத்தில் வரைவுத் திட்டம் கருத்துக் கேட்புக்கு வந்தால் முன்பக்கத்து வண்ணப் படங்களைத் தாண்டிப் பின்னிணைப்புக்குப் போங்கள். கணக்கெடுப்புப் படிவத்தின் நகல் இருக்கும், இல்லாவிட்டால் எழுத்தில் கேளுங்கள். நடப்பவருக்குப் பத்தி இருக்கிறதா, எந்தத் தேதியில் எண்ணினார்கள், அன்று பள்ளிக்கூடம் நடந்ததா என்று பாருங்கள். பிறகு நிதிப் பட்டியலைத் திறந்து, முதல் நான்கு ஆண்டுகளில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நடைபாதையும் சைக்கிள் பாதையும் 15ஆம் ஆண்டுக்கு மேல் எழுதப்பட்டிருந்தால் அவை வரப்போவதில்லை என்று எடுத்துக்கொண்டு, முன்னால் கொண்டுவரும்படி கருத்தை எழுதுங்கள். உங்கள் தெருமுனையில் ஒரு காலை ஒரு மணி நேரம் நின்று நீங்களே எண்ணி, அந்தத் தாளையும் கூட வையுங்கள். நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே.